எத்தனை அணா ஹம்?

என் காது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வந்த காலம் முழுவதும், என் வீட்டுக்காரர் அதைத் தன் கைவேலையின் முன்னேற்றம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நானும் கூடவே சந்தோஷப்பட்டேன். மைசூர்பாகு வாங்கித் தெருவுக்கே கொடுத்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பெங்களூர் நீலசந்திராவில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே ஓனரம்மா. என் வீட்டுக்காரருக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை எடுத்துப்போட்டு, புதுத் தாமிரக் கம்பி சுற்றித் தர வேண்டும். நான் ஒசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் பகுதியில் இருந்தேன். வாரம் முழுவதும் சம்பளத்துக்காகக் கம்பி சுற்றிய மனிதர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் உட்கார்ந்து தன் ஆசைக்காகக் கம்பி சுற்றுவார். அவருக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் பைத்தியம்.

வால்வு என்றால் பழைய ரேடியோப் பெட்டிக்குள் கண்ணாடிக் குமிழ்போல இருந்து, சூடேறியதும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிருமே, அது. டிரான்சிஸ்டர் வந்த பிறகு ஊரில் எல்லோரும் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். எல்லோரும் எறிந்த பிறகுதான் இவருக்கு ஒரு பொருளின் மேல் ஆசை வரும். என்னைக் கட்டிக்கொண்டது இந்தக் கணக்கில் சேராது என்று நம்புகிறேன்.

குஜிரிக் கடைகளில், அதாவது பழைய இரும்புக் கடைகளில், அவரை எல்லோருக்கும் தெரியும். இடித்துப்போட்ட ஏதோ ஒரு டாக்கீஸின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மரை ஒருநாள் தோளில் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். நான் ஆட்டுக்கல் என்று நினைத்து ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். வால்வுகள், செத்துப்போன ரேடியோக்களிலிருந்து வந்தன. இவற்றையெல்லாம் உட்காரவைக்க ஒரு உலோகத் தட்டு வேண்டும். அதற்குத் தெருமுனை பேக்கரியில் பன் சுடுகிற பழைய அலுமினியத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, கவிழ்த்துப்போட்டு ஓட்டை போட்டார். எவ்வளவு தேய்த்தும் போகாத டால்டா அதில் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் சூடானால் வீடு முழுக்க பன் வாசனை வரும்.

வால்வு வேலை செய்கிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெட்டிக்குள் பாய்வது வீட்டுக் கரண்டைப்போல இரண்டு மடங்கு. அதனால் உள்ளே கைவிடும்போது ஒரு கையைத்தான் விட வேண்டும். மற்றது சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ இருக்க வேண்டும். இரண்டு கையும் பட்டால் கரண்ட் ஒரு கையில் ஏறி, நெஞ்சைத் தாண்டி, மறுகையில் இறங்கிவிடுமாம். இவர் வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து வேலை செய்கிறவர். லுங்கியில் பை ஏது? நான்தான் கார்மென்ட்ஸிலிருந்து கொண்டுவந்த துண்டுத் துணியில், இடது தொடைப் பக்கம் இரட்டைத் தையல் போட்டு ஒரு பை வைத்துக் கொடுத்தேன். லுங்கிப் பைக்குள் கைவிட்டுக்கொண்டு என் புருஷன் பால் வாங்கப் போனதைத் தெருவே பார்த்திருக்கிறது.

இவ்வளவும் செய்தால் பாட்டுக் கேட்கலாம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் பாட்டு பிறகுதான். முதலில் ஹம்.

பாட்டே போடாமல், வால்யூமை அடியோடு குறைத்துவிட்டு, ஸ்பீக்கரின் மேல் காதை வைத்தால் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வரும். தெருவில் டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்கு அடியில் நின்றால் கேட்குமே, அதே சத்தம். அதற்குத்தான் ஹம் என்று பெயர். கையால் கட்டுகிற வால்வுப் பெட்டி எல்லாவற்றிலும் இருக்கும். அதை எவ்வளவு குறைக்கிறான் என்பதில்தான் ஒருவனுடைய தொழில் இருக்கிறது என்பார் இவர். பட்டறையில் நாளெல்லாம் சுத்தியல் சத்தம் கேட்கிறவர் என்பதால் தன் காதை அவர் நம்பவில்லை. என் காதை நம்பினார்.

நம்பும்படியான காதுதான் அது. கீழ்வீட்டில் பால் பொங்கப்போவதை மாடியிலிருந்து சொல்வேன். மூன்றாம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு முதலில் இறங்குகிறவள் நான்தான். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை இட்லி முடிந்ததும் சோதனை ஆரம்பமாகும். ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, கீழே ஓனரம்மா தண்ணீர் மோட்டார் போடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, நான் முக்காலியில் உட்கார்ந்து ஸ்பீக்கர் துணியில் காதை வைப்பேன். அவர் எனக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். முகத்தைப் பார்த்தால் பாவம் என்று நான் குறைத்துச் சொல்லிவிடுவேனாம்.

“எத்தனை அணா?” என்பார்.

பதினாறு அணா என்றால் முழு ஹம். பட்டறையில் எல்லாவற்றையும் அணாவில்தான் சொல்வார்கள். எட்டணா வேலை முடிந்தது, நாலணா சூடு இருக்கிறது என்று. அந்த வழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. முதல் ஞாயிறு நான் பதினாறு என்றேன். இரண்டாவது ஞாயிறும் பதினாறு. மூன்றாவது ஞாயிறு அவர் டிரான்ஸ்பார்மரைத் திருப்பி வைத்திருந்தார். பதினேழு என்றேன். அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தார். உள்ளே ஓடும் ஒயர்களை ஜடைபோலப் பின்னினார். ஹம்மை வடிகட்டுகிற கண்டன்சர்களை மாற்றினார். வீட்டு எர்த் சரியில்லை என்று சொல்லி, ஓனரம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவருடைய கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டி, தாமிரக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினார். எர்த் நன்றாகப் பிடிக்க அப்படித்தான் செய்ய வேண்டுமாம். ஹம் பன்னிரண்டு அணாவுக்கு இறங்கியது. கறிவேப்பிலைச் செடி செத்துப்போனது. ஓனரம்மா எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பெண் பிறந்தாள். ஐந்தாம் மாதம் நான் திரும்ப வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை சோதனையும் திரும்ப ஆரம்பமானது. உட்கார்ந்ததும் எனக்கே ஆச்சரியம். ஹம் எட்டணாகூட இல்லை. அவர் அந்த இடைவெளியில் ஒரே ஒரு ரெசிஸ்டரைத்தான் மாற்றியிருந்தார். அந்த ரெசிஸ்டரைக் கழற்றி எடுத்து, கற்பூரம் காட்டாத குறையாகப் பார்த்தார்.

அதன்பிறகு எல்லாம் இறங்குமுகம். ஆறணா. நாலணா. அவர் எதைத் தொட்டாலும் ஹம் குறைந்தது. ஒரு ஞாயிறு சால்டரிங் அயர்ன் பழுதாகி அவர் எதையுமே தொடவில்லை, அன்றைக்கும் குறைந்தது. பாகங்கள் ஒன்றோடொன்று பழகிவருகின்றன என்று விளக்கம் சொன்னார். புது மருமகளைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

அதே காலத்தில் நான் சாந்தமாகிவிட்டேன் என்று வேறு பேர் வாங்கினேன். சண்டைக்குக் குரலை உயர்த்துவதே இல்லை. எனக்கென்னவோ நான் எப்போதும்போலக் கத்துவதாகத்தான் தோன்றியது. என் குரல் எனக்குள்ளேயே கணீரென்று கேட்டது. ஆனால் “இன்னாமா, இப்பல்லாம் இவ்ளோ மெதுவா பேசற” என்று தெருவில் கேட்டார்கள். ஆம்ப்ளிஃபயர் வந்தபிறகு வீட்டில் அமைதி வந்திருக்கிறது என்று இவர் பட்டறையில் சொல்லிக்கொண்டாராம். எனக்கோ, வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று எரிச்சல். “வாய்ல இன்னா வெச்சிருக்கீங்க, தொறந்துதான் பேசுங்களேன்” என்று அவரைத் திட்டுவேன். கார்மென்ட்ஸில் ஒரு தொந்தரவும் இல்லை. வரிசை வரிசையாக மெஷின் ஓடுகிற இரைச்சலில் எல்லோர் பேச்சும் எனக்குப் பளிச்சென்று கேட்டது. மற்றவர்கள் “ஆங்? ஆங்?” என்பார்கள், நான் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வேன். அப்படியிருக்க என் காதின் மேல் எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

ஒரு ஞாயிறு காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. துணியை விலக்கி இன்னும் நெருங்கி வைத்தேன். பின்னாலிருந்து அவர் கேட்டிருப்பார். எனக்குக் காதில் விழவில்லை, ஆனால் என்ன கேட்பார் என்று தெரியும்.

“இல்ல,” என்றேன். “சுத்தமா இல்ல.”

அவர் என்னைச் சுற்றி வந்து என் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அன்றைக்குத்தான் மைசூர்பாகு.

இனிப்பைத் தின்றுவிட்டுச் சும்மா போகாத ஒரே ஆள் பாய். அடுத்த தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணத்துக்கும் கரகத்துக்கும் மைக் செட் கட்டுகிறவர். என் வீட்டுக்காரரோடு குஜிரிக் கடைகளில் சுற்றுகிற ஒரே சிநேகிதர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஹம் இல்லாத வால்வு செட்டைக் கேட்க வேண்டும் என்று வந்து, முக்காலியில் உட்கார்ந்து, காதை வைத்தார்.

“இன்னா குரு, ஹம் ஜாஸ்தி இருக்குதே,” என்றார்.

இவருக்கு முகம் கறுத்துவிட்டது. “பாய், சின்ன வயசுலேர்ந்து ஹார்ன் ஸ்பீக்கர் அடியிலயே நின்ன காது உன்னுது. அது கெட்டுப்போயி எவ்ளோ நாளாச்சோ.”

“கெட்டதாவே இருக்கட்டும் குரு. கெட்டுப்போன காதுக்கு இருக்கிற சத்தம் கேக்காது, ஒத்துக்கறேன். இல்லாத சத்தம் எப்படி கேக்கும்?”

பதில் இல்லாதபோது இவருக்குக் கோபம் வரும். சிநேகிதம் என்று நினைத்தேன், பொறாமை என்று இப்போதுதான் தெரிகிறது என்றார். பாய் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றிருக்கிறார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தேன். “தங்கச்சி, டீ இருக்குதா?” என்று கேட்டிருக்கிறார். மறுபடியும் கேட்டிருக்கிறார். நான் ரவையை வறுத்துக்கொண்டே இருந்தேன். இதெல்லாம் பிற்பாடு பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் பார்த்தது, பாய் சிரிப்பில்லாத முகத்தோடு கூடத்துக்குத் திரும்பிப் போனதை மட்டும்தான்.

பாய் விவரமான மனிதர். உன் பெண்டாட்டிக்குக் காது போய்விட்டது என்று சொல்லவில்லை. “சண்டை எதுக்கு குரு? மூணு பேரும் போயி காது டெஸ்ட் பண்ணிக்கலாம். யார் காது ஒஸ்தின்னு மிஷினே சொல்லட்டும்,” என்றார். இவர் பந்தயம் என்று எடுத்துக்கொண்டு உடனே சரி என்றார்.

ஒரு ஆம்ப்ளிஃபயரில் ஹம் இருக்கிறதா இல்லையா என்று நிரூபிப்பதற்காகக் காது ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பம் பெங்களூரில் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டேன். ஜெயிக்கப்போகிறவள் இல்லையா?

முதலில் பாய் போனார். கீச்சென்ற சத்தங்கள் அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அடுத்து இவர் போனார்; பட்டறைக் காது அப்படி ஒன்றும் மோசமில்லை. கடைசியில் நான். சத்தம் புகாத சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மிஷினைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மிஷினில் ஏதோ கோளாறு, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவைத் திறந்து, “ஏனம்மா, கேளிஸ்தா?” என்றாள். கேட்டதா என்று கன்னடத்தில். ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். காதுக்குள் இருக்கிற மூன்று சின்ன எலும்பில் கடைசி எலும்பு இறுகிவிட்டது, சத்தத்தை உள்ளே தள்ள மாட்டேன் என்கிறது என்றார். இரண்டு காதிலும். கனத்த அடிச் சத்தம்தான் முதலில் போகும். பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு வேகமாகும். இரைச்சலான இடத்தில் நன்றாகக் கேட்பதுபோல இருக்கும். தன் குரல் தனக்குப் பெரிதாகக் கேட்பதால் மெதுவாகப் பேசுவார்கள்.

“அதான் இவ சத்தமே போடலையா?” என்றார் இவர். நான் பார்த்த பார்வையில் அடங்கினார்.

டாக்டரம்மா காகிதத்தில் இருந்த கோட்டைக் காட்டினார். எனக்கு அது ஒரு கோடு. இவருக்கு அப்படி இல்லை. ஆம்ப்ளிஃபயர் எந்தச் சத்தத்தை எவ்வளவு விடுகிறது என்று இதேபோலக் கோடு போட்டுப் பார்த்தவர் இவர். அடிச் சத்தத்தைக் குறிக்கிற இடது ஓரத்தில் கோடு தொங்கிக் கிடந்ததை வெகுநேரம் பார்த்தார். அவர் பின்னிய ஒயர், மாற்றிய கண்டன்சர், கொண்டாடிய ரெசிஸ்டர் எதனாலும் இல்லை, ஹம் குறைந்தது என் காதில்தான் என்று அந்தக் கோட்டிலேயே எழுதியிருந்தது. காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

ஆபரேஷன் செய்யலாம். இறுகிய எலும்பை எடுத்துவிட்டு ஒரு சின்னத் தக்கை வைப்பார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும், கொஞ்சம் பேருக்குத்தான், அந்தக் காது அடியோடு போய்விடும். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. ஆனால் தள்ளிப்போடப் போட, உள்ளே மிச்சமிருப்பதும் குறையலாம் என்றும் சொன்னார். அந்தக் கொஞ்சம் பேரில் நானும் ஒருத்தியாகிவிட்டால் என்று எனக்குப் பயம். பெண்ணுக்கு அப்போதுதான் பேச்சு வர ஆரம்பித்திருந்தது. அதைக் கேட்க முடியாமல் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவரை உட்காரவைத்துச் சொன்னேன். ஹம்மை எனக்குக் கேட்கிற அளவுக்குக் கூட்டி வையுங்கள். என் காதுக்கு எட்டணா வருகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்குமேல் பெட்டியில் கைவைக்கக் கூடாது. ஞாயிறு தவறாமல் கேட்கிறேன். எட்டணா நாலணாவாகிற அன்று ஆபரேஷனுக்குப் போகிறேன். அதுவரை என்னை யாரும் வற்புறுத்த வேண்டாம்.

அவர் தலையாட்டினார். இத்தனை வருடம் ஹம்மைக் குறைக்கப் பாடுபட்ட மனிதர், பாயிடம் போய்க் கெட்டுப்போன கண்டன்சர்களாகப் பார்த்துக் கேட்டு வாங்கிவந்து மாட்டினார். “நல்லது கேட்டா கடைல இல்லம்பேன் தங்கச்சி. கெட்டது கேட்டா கடையே இருக்குது,” என்று பாய் சொன்னதற்கு நான் சிரித்தேன். எல்லோரும் சமாதானமாகியிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகள் திரும்ப வந்தன. ஃபேனை நிறுத்துவது, ஃபிரிட்ஜைப் பிடுங்குவது, எனக்குப் பின்னால் அவர் போய் நிற்பது எல்லாம் பழையபடியே. தோளில் ஒரு தட்டுத் தட்டுவார், அதுதான் கேள்வி. “எட்டணா,” என்பேன். அடுத்த வாரமும் எட்டணா. மழைக்காலம் போய்க் குளிர்காலம் வந்தது; எட்டணா. பெண் பால்வாடிக்குப் போக ஆரம்பித்தாள், எட்டணா. எனக்கு நிம்மதியாக இருந்தது. பெண் பேசுவது புரியவில்லை என்றால் மழலை என்று விட்டுவிடுவேன். கார்மென்ட்ஸில் சூபர்வைசர் குரல் தேய்ந்துவிட்டது என்றால் அந்த ஆளுக்கு வயதாகிறது. என் காதுதான் எட்டணாவில் அசையாமல் நிற்கிறதே.

ஒரு ஞாயிறு, சோதனை முடிந்து அவர் பெட்டியை அணைக்கும் முன்பே கதவு தட்டப்பட்டிருக்கிறது. திறந்தால் ஓனரம்மா. கறிவேப்பிலைச் செடி செத்த நாளிலிருந்து மாடிப்படி ஏறாதவர்.

“மாடியில மாவு மில்லு வெச்சிருக்கீங்களா?” என்றார். அவர் கத்திப் பேசியதால் எனக்கு நன்றாகவே கேட்டது. “ஞாயித்துக்கெழமையானா கண்ணாடி அலமாரி கிடுகிடுங்குது. போன மாசம்கூட இவ்ளோ இல்ல. வாரத்துக்கு வாரம் ஏறிக்கிட்டே போவுது. நானும் செடிதான் போச்சுன்னு பொறுத்துக்கிட்டிருந்தா, வூடும் போயிடும்போல.”

நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். அதன் துணி படபடத்துக்கொண்டிருந்தது. அதுவரை அதை நான் கவனிக்கவில்லை. காதைத்தானே வைப்பேன், கண்ணை வைத்ததில்லை. பிறகு அவரைப் பார்த்தேன். அவர் ஓனரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூட்டினீங்களா?” என்றேன்.

அவர் போய்ப் பெட்டியை அணைத்தார்.

“ஒவ்வொரு வாரமுமா?”

“எல்லா வாரமும் இல்ல,” என்றார். என் முகத்துக்கு நேராக வந்து, உதடு தெரியும்படி சொன்னார். “நீ சொல்றதுக்கு யோசிக்க ஆரம்பிச்சா, அந்த வாரம் ஒரு கண்டன்சர கழட்டுவேன். நீ நாலணான்னு சொல்லிட்டா ஆபரேஷன். ஆபரேஷன்ல சுத்தமா போயிட்டா? அப்புறம் நான் இன்னா பண்ணுவேன்?”

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. என் காது, என் முடிவு, நான் வைத்த அளவு. அதை இவர் சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்திருக்கிறார். தள்ளிப்போடப் போட மிச்சமும் குறையும் என்று டாக்டரம்மா சொன்னது இவர் காதிலும்தானே விழுந்தது? பிள்ளையின் பேச்சு எவ்வளவு எனக்குக் கேட்காமல் போயிருக்கும்? அடிவயிற்றிலிருந்து கத்தினேன். வழக்கம்போல அவர்களுக்கு அது மெதுவாகத்தான் கேட்டிருக்கும். ஓனரம்மாவுக்கு மட்டும் என்ன புரிந்ததோ, என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் அவரே காபி போட்டு எடுத்துவந்தார்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையெழுத்து நான்தான் போட்டேன். வலது காதை முதலில் செய்வதாக முடிவு. மயக்கம் கொடுக்கவில்லை, காதைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி. முகத்தின் மேல் பச்சைத் துணி. வெகுநேரம் யாரோ என் தலைக்குள் சாமான் ஒதுக்கிவைப்பதுபோல இருந்தது. திடீரென்று தட்டில் ஒரு கத்தி விழுந்தது. அவ்வளவு பெரிய சத்தத்தை என் வாழ்க்கையில் கேட்டதில்லை. “கேளிஸ்தா?” என்று டாக்டரம்மா காதருகில் கிசுகிசுத்தார். கேளிஸ்து, கேளிஸ்து என்று நான் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டாதே என்று திட்டினார்.

அதற்குப் பிறகு காதில் பஞ்சை அடைத்துவிட்டார்கள். மறுபடியும் பழைய மந்தம். உள்ளே புண் ஆறுகிறதா, கிடைத்தது நிற்குமா என்று பஞ்சை எடுத்தால்தான் தெரியும் என்றார்கள். அந்த நாட்களில் இவர் என் பக்கத்தில் உட்காரவே பயந்தார். பட்டறைக்குப் போவார், வருவார், பெண்ணுக்குச் சோறு ஊட்டுவார். ஆம்ப்ளிஃபயர் மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடிவைத்திருந்தார்.

பஞ்சு எடுத்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஹார்ன் என்னை ஒரு ஆள் உயரத்துக்குத் தூக்கிப்போட்டது. வீடு வருகிற வழியெல்லாம் என் புடவையே எனக்குச் சரசரவென்று கேட்டது. செருப்பு கேட்டது. படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

வீட்டுக்குள் வந்ததும் வேட்டியை எடுத்தேன்.

“வேணாம்மா,” என்றார். “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். நான் அத சரி பண்ணிடறேன். நல்ல கண்டன்சர் போட்டு...”

“எத வெச்சி இத்தன நாளு என்னை கேட்டீங்களோ, அத நான் கேக்கணும்,” என்று ஸ்விட்சைப் போட்டேன்.

வால்வு சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். முக்காலியில் உட்கார்ந்தேன். ஸ்பீக்கரில் காதை வைக்கவில்லை. வலது காதை அந்தப் பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான். ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. பிறகு அது வந்தது. முதலில் தரையில், பிறகு முக்காலியில், பிறகு என் பல்லில். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி ஆடின. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. லாரி ஒன்று கூடத்துக்குள் வந்து எஞ்சினை அணைக்காமல் நிற்பதுபோல இருந்தது. எட்டணா, எட்டணா என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். ஃபேன் ஓடினால் எனக்குக் கேட்காது என்று ஃபேனை நிறுத்திவிட்டு, இந்த இரைச்சலுக்கு நடுவில் அவர் ஒவ்வொரு ஞாயிறும் நின்று என் தோளைத் தட்டியிருக்கிறார். நான் எவ்வளவு தூரம் போய்விட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு வாரா வாரம் தெரிந்திருக்கிறது.

எழுந்து ஸ்விட்சை அணைத்தேன். சத்தம் நின்றது. அது நின்ற பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. என் முதுகுக்குப் பின்னால், மூக்கை உறிஞ்சுவதுபோல, வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு ஆள் அழுகிற சத்தம்.

நான் திரும்பவில்லை. “எல்லா ஞாயித்துக்கெழமையும் இப்படித்தானா?” என்று கேட்டேன்.

அவர் ஆமாம் என்றார். வாய்க்குள்ளேயேதான் சொன்னார். எனக்குக் கேட்டது.